ரா ஃபைல்களை வெப் கேலரியில் வைப்பது: டெவலப் செய்யாதீர்கள், உள்ளே இருப்பதை எடுங்கள்

கேள்வி இது. ஒருவர் மாத வாடகைக்கு எடுத்த ஷேர்டு ஹோஸ்டிங்கில் (பலர் பகிர்ந்துகொள்ளும் சர்வர்) பிவிகோ என்ற மென்பொருளில் படக் கேலரி நடத்துகிறார். பல வருஷமாக எடுத்த பறவைப் படங்கள். பாதி நிக்கான் என்இஎஃப், மீதி கேனான் சிஆர்2, கேமரா மாற்றிய பிறகு எடுத்தவை சிஆர்3. ஜேபெக் தனியாக எடுத்துவைக்கும் பழக்கம் இல்லை, எல்லாமே ரா மட்டும்தான், அதாவது சென்சார் பதிந்த, இன்னும் படமாக்காத தரவு. அப்படியே ஏற்றிப் பார்த்திருக்கிறார். சில படங்களுக்கு வெற்றுக் கட்டம் வருகிறது, சிலவற்றுக்குத் தபால்தலை அளவில் மங்கலாக ஏதோ வருகிறது, சில படங்கள் சரியாக வந்தாலும் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கின்றன. வேறு கேலரிக்கு மாறலாமா என்றும், சர்வரிலேயே ராவை ஜேபெக்காக மாற்றும் மென்பொருள் ஒன்றைப் போட்டுவிட்டால் எல்லாம் தீருமா என்று கேட்கிறார்.

தீராது. பழைய தொல்லைகளில் சில போய்ப் புதியவை வரும். நான் சொல்லும் வழி வேறு. சர்வரில் ராவை டெவலப் செய்யவே, அதாவது அந்தத் தரவிலிருந்து படத்தை உருவாக்கவே, வேண்டாம். ஷட்டரை அழுத்திய அந்த நொடியிலேயே கேமரா ஒரு ஜேபெக்கைத் தயார் செய்து அந்த ரா ஃபைலுக்குள்ளேயே வைத்துவிட்டது. அதை உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் வெளியே எடுங்கள், கேலரிக்கு அதைக் கொடுங்கள். ராவைப் பத்திரமாக வேறு இடத்தில் வையுங்கள். இது ஏன், எப்படி, எங்கெங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தபால்தலைப் படத்தைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் ரா ஃபைலின் அமைப்பு அதிலேயே புரிந்துவிடும்.

ரா என்பது ஒரே ஃபார்மட் இல்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒன்று, சில நிறுவனங்களுக்குக் காலத்துக்கு ஒன்று. ஆனால் என்இஎஃப், சிஆர்2, சோனியின் ஏஆர்டபிள்யூ, அடோபி 2004இல் கொண்டுவந்த டிஎன்ஜி ஆகிய நான்கும் அடிப்படையில் டிஃப் என்ற பழைய பட ஃபார்மட்டின் கட்டமைப்பில் எழுதப்பட்டவை. டிஃப் ஃபைலுக்குள் பல படங்களை அடுக்கடுக்காக வைக்கலாம். நிக்கான் என்ன செய்கிறது என்றால், முதல் அடுக்கில் 160க்கு 120 பிக்சல் அளவில் ஒரு குட்டித் தம்ப்நெயிலை வைக்கிறது. அதற்குக் கீழே ஒரு துணை அடுக்கில் முழு அளவு ஜேபெக். இன்னொரு துணை அடுக்கில்தான் சென்சாரின் அசல் தரவு. இப்போது, ரா என்றால் என்னவென்று தெரியாத ஒரு மென்பொருள் இந்த ஃபைலைத் திறக்கிறது. ஆரம்பத்து எழுத்துகள் டிஃப் என்று சொல்கின்றன. சரி, டிஃப்தானே என்று முதல் அடுக்கை எடுக்கிறது. 160க்கு 120. அதை 800 பிக்சலுக்கு இழுத்துக் காட்டுகிறது. அதுதான் நீங்கள் பார்த்த மங்கல் படம். ஃபைல் கெட்டுப்போகவில்லை, கேலரி தவறான அடுக்கை எடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சிஆர்2 இதில் வேறு மாதிரி. கேனான் அதன் முதல் அடுக்கிலேயே பெரிய ஜேபெக்கை வைத்தது. அதனால் அதே மென்பொருள் சிஆர்2வைத் திறந்தால் சில சமயம் நல்ல படமே வந்துவிடும். உங்களுக்குச் சிலது சரியாக வந்து சிலது வராமல் போனதற்கு இதுதான் காரணமாக இருக்கும். சிஆர்3 இந்தக் குடும்பமே இல்லை. 2018இல் எம்50 கேமராவோடு வந்த அந்த ஃபார்மட், எம்பி4 வீடியோ எந்தப் பெட்டி அமைப்பில் எழுதப்படுகிறதோ அதே அமைப்பில் எழுதப்படுகிறது. டிஃப் மட்டும் படிக்கத் தெரிந்த மென்பொருளுக்கு அதில் ஒன்றும் தெரியாது. அதுதான் வெற்றுக் கட்டம்.

ப்ரவுசர் ஏன் ராவை நேரடியாகக் காட்டுவதில்லை என்று பலர் கேட்பதுண்டு. காட்டுவதற்கு அங்கே படம் என்று ஒன்று இன்னும் உருவாகவில்லை. கோடாக்கில் இருந்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்புதான் இன்றைக்கும் பெரும்பாலான சென்சார்களின் மேல் இருக்கிறது. ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒன்றை மட்டும்தான் அளக்கிறது. பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். மீதி இரண்டு நிறத்தையும் பக்கத்துப் பிக்சல்களை வைத்துக் கணக்குப் போட்டு நிரப்ப வேண்டும். ஒயிட் பேலன்ஸ், நிறக் கணக்கு, வெளிச்சத்தின் வளைவு எல்லாம் அதற்கப்புறம். ஒவ்வொரு படியிலும் யாரோ ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். பழைய ஃபிலிம் நெகட்டிவைப் போலத்தான்: ஒரே நெகட்டிவிலிருந்து இரண்டு ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டால் இரண்டு விதமாக வரும்.

இங்கேதான் சர்வரில் டெவலப் செய்வதன் உண்மையான கெடுதல் இருக்கிறது. பெரும்பாலோர் வேகத்தையும் மெமரியையும் பற்றி மட்டும் பேசுவார்கள். அதைவிடப் பெரிது படத்தின் தோற்றம்.

டேவ் காஃபின் என்பவர் 1997இல் எழுதத் தொடங்கிய டிசிரா என்ற சிறு நிரல்தான் இந்தத் துறைக்கே வழி திறந்தது. நிறுவனங்கள் வெளியிடாத ஃபார்மட்களை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். அவருக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம், இதை நான் மனதாரச் சொல்கிறேன். கடைசிப் பதிப்பு 2018இல் வந்தது. அதிலிருந்து கிளைத்த லிப்ரா நூலகம் (மற்ற மென்பொருள்கள் உள்ளே சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு) இன்றைக்கும் தொடர்கிறது, பல கேலரிகளின் அடியில் ஓடுவது அதுதான். இரண்டுக்கும் ஒரு பழக்கம் உண்டு. நீங்கள் எதுவும் சொல்லாமல் விட்டால், படத்தில் சுமார் ஒரு சதவீதப் பிக்சல்கள் முழு வெள்ளையாகும் வரை வெளிச்சத்தைத் தானாகவே ஏற்றும்.

பறவைப் படத்தில் இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கொக்கு பறக்கத் தொடங்கும்போது தொடர்ச்சியாக எட்டு படம் எடுத்திருக்கிறீர்கள். எல்லாம் ஒரே எக்ஸ்போஷர். முதல் நான்கில் பின்னணி கருத்த மரம், அடுத்த நான்கில் வானம் எட்டிப் பார்க்கிறது. மரம் மட்டும் இருக்கும் படங்களில் நிரல் வெளிச்சத்தை அதிகமாக ஏற்றுகிறது, கொக்கின் சிறகு வெளுத்து இறகுக் கோடுகள் காணாமல் போகின்றன. வானம் வந்தவுடன் குறைவாக ஏற்றுகிறது, கொக்கு சாம்பல் பூத்தது போல ஆகிறது. கேலரியில் எட்டும் வரிசையாக நிற்கும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேளையில் எடுத்தது போலத் தெரியும். நீங்கள் கவனமாக அளந்து வைத்த எக்ஸ்போஷர் வீண். இந்தத் தானியங்கி ஏற்றத்தை நிறுத்த வசதி இருக்கிறது. ஆனால் நிறுத்தினால் பெரும்பாலான படங்கள் நீங்கள் கேமராத் திரையில் பார்த்ததைவிட இருட்டாக வரும், ஏனென்றால் கேமரா போடும் வளைவை இது போடுவதில்லை.

அதோடு முடியவில்லை. இன்றைய மிரர்லெஸ் லென்ஸ்கள் பலவற்றில் கோணல் திருத்தம் மென்பொருளில்தான் நடக்கிறது. கேமரா எழுதும் ஜேபெக்கில் அந்தத் திருத்தம் சேர்ந்தே இருக்கும். லிப்ரா அதைச் செய்யாது. அகலமான லென்ஸில் எடுத்த படத்தில் அடிவானம் வில்லாக வளைந்து, ஓரங்கள் இருண்டு நிற்கும். நீங்கள் கறுப்பு வெள்ளை மோடில் எடுத்திருந்தால் அது கலராக வரும். 16:9 அளவில் வைத்து எடுத்திருந்தால் பல கேமராக்களில் முழு சென்சார் அளவும் வெளியே வந்துவிடும். படம் எடுத்தவர் எடுத்த முடிவுகளை எல்லாம் ஒரு நிரல் மௌனமாக மாற்றி எழுதுகிறது. எனக்கு இதுதான் பொறுக்காத விஷயம்.

மெமரிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 24 மெகாபிக்சல் படம், லிப்ரா உள்ளே வேலை செய்யும்போது பிக்சலுக்கு நான்கு இடம், ஒவ்வொன்றும் 16 பிட். அதாவது பிக்சலுக்கு 8 பைட், மொத்தம் 192 எம்பி. 45 மெகாபிக்சல் என்றால் 360 எம்பி. இது ஒரு படத்துக்கு, அதுவும் அந்த ஒரு அடுக்குக்கு மட்டும். பிவிகோ எழுதப்பட்ட பிஎச்பி மொழியின் இயல்பான மெமரி வரம்பு 128 எம்பி. வெளி நிரலாக ஓட்டினால் அந்த வரம்பு பொருந்தாது என்பது உண்மைதான், ஆனால் ஷேர்டு ஹோஸ்டிங்காரர் தனியாக ஒரு வரம்பு வைத்திருப்பார், அதைத் தாண்டினால் நிரலை எந்த அறிவிப்பும் இல்லாமல் கொன்றுவிடுவார். லாகில்கூட ஒரு வரி இருக்காது.

சரி, உள்ளே இருக்கும் ஜேபெக்கை எப்படி எடுப்பது?

எக்ஸிஃப்டூல் என்ற கட்டளைவரிக் கருவி போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், இலவசம். அதில் ஒவ்வொரு ஃபார்மட்டுக்கும் முழு அளவு ஜேபெக் எந்தப் பெயரில் இருக்கிறது என்று தெரிந்தால் வேலை முடிந்தது. என்இஎஃப், சிஆர்3 இரண்டிலும் 'ஜேபிஜி ஃப்ரம் ரா' என்ற டேகில் (ஃபைலுக்குள் பெயரிட்டு வைத்த தகவல் பகுதி) இருக்கும். சிஆர்2வில் 'ப்ரிவியூ இமேஜ்' என்ற டேக். கவனியுங்கள், சிஆர்3யிலும் ப்ரிவியூ இமேஜ் என்று ஒன்று உண்டு, ஆனால் அது சிறியது. ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே டேகைக் கேட்டால் சிஆர்3 படங்கள் மட்டும் குட்டியாக வந்து நிற்கும். முதலில் 'ஜேபிஜி ஃப்ரம் ரா' இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் 'ப்ரிவியூ இமேஜ்' எடு என்ற வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு ஃபோல்டர் முழுவதையும் ஒரே கட்டளையில் ஓட்டலாம். டெவலப் எதுவும் நடக்காததால் வட்டிலிருந்து படித்து எழுதும் நேரம்தான் ஆகும். பழைய மடிக்கணினியே தாராளம்.

எல்லாக் கேமராவும் முழு அளவு ஜேபெக்கை வைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உங்களுக்கு இப்போது தேவையில்லை என்றாலும் நாளைக்குக் கேமரா மாற்றினால் தேவைப்படும். சோனி பல வருஷம் ஏஆர்டபிள்யூவுக்குள் 1616க்கு 1080 அளவுதான் வைத்தது. வலைப்பக்கத்தில் பார்க்க அது ஓரளவு போதும், பெரிதாக்கிப் பார்க்கப் போதாது. டிஎன்ஜியில் அது மாற்றியவர் கையில் இருக்கிறது: அடோபியின் மாற்றியில் ப்ரிவியூ வேண்டாம், நடுத்தரம், முழு அளவு என்று மூன்று தேர்வு உண்டு. 'வேண்டாம்' என்று யாராவது வைத்திருந்தால் உள்ளே குட்டித் தம்ப்நெயில் மட்டும்தான் இருக்கும். அப்படிப்பட்ட ஃபைல்களுக்கு மட்டும் டார்க்டேபிள் அல்லது ராதெரபி என்ற ரா டெவலப் மென்பொருளில் நீங்களே கண்ணால் பார்த்து ஜேபெக்காக எடுப்பதுதான் முறை. எடுத்த ஜேபெக்கின் நீளம் 2000 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால் அதைத் தனி ஃபோல்டரில் ஒதுக்கிவிடுங்கள். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அடுத்தது படுத்துக் கிடக்கும் படம். இதில்தான் பலரும் பல நாள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் சென்சார் படிப்பது எப்போதும் அகலவாக்கில்தான். எப்படித் திருப்ப வேண்டும் என்ற தகவல் எக்ஸிஃபில் (படத்தோடு கேமரா எழுதும் விவரக் குறிப்பு) 'ஓரியன்டேஷன்' என்ற டேகில் ஓர் எண்ணாக எழுதப்படும். ரா ஃபைலின் வெளிக்கூட்டில் அது இருக்கிறது. உள்ளே இருக்கும் ஜேபெக், என்இஎஃப்பிலும் சிஆர்2விலும், எந்த எக்ஸிஃபும் இல்லாத வெறும் படம். வெளியே எடுத்தவுடன் அதற்குத் தான் நிமிர்ந்ததா படுத்ததா என்று தெரியாது. அதனால் ராவிலிருந்து ஓரியன்டேஷன் டேகை அந்த ஜேபெக்குக்கு நகலெடுக்க வேண்டும். எக்ஸிஃப்டூலில் ஒரு ஃபைலிலிருந்து இன்னொன்றுக்கு டேகுகளை நகலெடுக்கும் வசதி இருக்கிறது. அப்படிச் செய்யும்போதே எடுத்த தேதி, லென்ஸ், ஷட்டர் வேகம், காப்புரிமை வரி எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கேலரியில் தேதிவாரியாக அடுக்கும்போது எல்லாப் படமும் நீங்கள் அவற்றைப் பிரித்தெடுத்த நாளில் போய் விழும்.

ஆனால் டேகை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்பது என் கருத்து. 2020 வாக்கில் இருந்து ப்ரவுசர்கள் இந்த டேகை மதித்துத் தாமே திருப்பிக் காட்டுகின்றன. பிஎச்பியில் தம்ப்நெயில் செய்யும் ஜிடி நூலகமோ டேகைக் கண்டுகொள்வதில்லை. அதனால் தம்ப்நெயில் படுத்திருக்கும், க்ளிக் செய்தால் பெரிய படம் நிமிர்ந்து வரும். அல்லது கேலரி ஒருமுறை திருப்பி, டேகை அழிக்காமல் விட, ப்ரவுசர் இன்னொரு முறை திருப்பி, தலைகீழாக நிற்கும். இந்தக் குழப்பத்துக்கே இடம் கொடுக்காமல் படத்தை நிஜமாகவே திருப்பி எழுதிவிட்டு, டேகை 1 என்று வைத்துவிடுங்கள். 1 என்றால் திருப்ப வேண்டியதில்லை என்று பொருள். ஜேபெக்டிரான் என்ற கருவி மறுபடி அழுத்தாமல், தரம் ஒரு துளியும் குறையாமல் திருப்பும். நீளமும் அகலமும் 16ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. 6000க்கு 4000 படம் சரியாக வகுபடும். வகுபடாத அளவுகளில் ஓரத்தில் சில பிக்சல் கோணலாகும், அதை வெட்டிவிடச் சொல்லும் தேர்வும் அதிலேயே இருக்கிறது.

நிறத்திலும் இதே போல ஒரு பொறி இருக்கிறது. கேமராவில் நிற வெளியை (எந்த எண் எந்த நிறம் என்ற ஏற்பாடு) வலையின் வழக்கமான எஸ்ஆர்ஜிபியிலேயே விட்டிருந்தால் கவலையில்லை. பிரிண்டுக்கு நல்லது என்று கேட்டு அடோபிஆர்ஜிபிக்கு மாற்றியிருந்தால், உள்ளே இருக்கும் ஜேபெக்கும் அதே நிறவெளியில்தான் எழுதப்பட்டிருக்கும். வெளியே எடுத்த வெறும் ஜேபெக்கில் அதைச் சொல்ல எந்தப் புரொஃபைலும் இல்லை. ப்ரவுசர் அதை எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளும். கிளியின் பச்சை காய்ந்த இலை நிறமாகும், மீன்கொத்தியின் நீலம் வெளிறிவிடும். கேனான்காரர்களுக்கு ஓர் அடையாளம்: ஃபைல் பெயர் அடிக்கோட்டில் தொடங்கினால் அது அடோபிஆர்ஜிபியில் எடுத்தது. மற்றவர்கள் ராவின் எக்ஸிஃபில் நிறவெளி டேகைப் பார்த்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட படங்களுக்கு முதலில் அடோபிஆர்ஜிபி புரொஃபைலை ஒட்டி, பிறகு எஸ்ஆர்ஜிபிக்கு மாற்ற வேண்டும். இமேஜ்மேஜிக் என்ற படம் மாற்றும் கருவியில் இரண்டு புரொஃபைலையும் அடுத்தடுத்துக் கொடுத்தால் ஒரே ஓட்டத்தில் முடியும். முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் கொடுத்தால் நிறம் மாறாது, தவறான நிறத்துக்குச் சரியான சீட்டு ஒட்டியது போல ஆகிவிடும். பறவைகளை அடையாளம் காண நிறம் முக்கியம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஃபைல் பெயர்களை இந்தச் சமயத்திலேயே சரிசெய்துவிடுங்கள். கேமராவின் எண் 9999 தாண்டினால் மறுபடி 0001. பல வருஷத்துப் படங்களில் ஒரே பெயரில் இரண்டு மூன்று படம் கட்டாயம் இருக்கும். எடுத்த தேதியும் நேரமும் முன்னால், கேமரா கொடுத்த எண் பின்னால் என்று வைத்தால் பெயர் மோதாது. தேதி நேரம் மட்டும் போதாது, ஒரே நொடியில் பத்து படம் எடுக்கும் கேமராவில் பத்துக்கும் ஒரே பெயர் வந்துவிடும். எடிட் மென்பொருளான லைட்ரூம் உங்கள் மாற்றங்களைக் குறித்து எழுதும் எக்ஸ்எம்பி ஃபைல்கள் ராவின் பக்கத்தில் இருந்தால் அவற்றையும் சேர்த்தே பெயர் மாற்ற வேண்டும். லைட்ரூம் ராவின் பெயரில் கடைசிப் பகுதியை நீக்கிவிட்டு எக்ஸ்எம்பி சேர்க்கும், டார்க்டேபிள் முழுப் பெயருக்குப் பின்னால் எக்ஸ்எம்பி சேர்க்கும். இரண்டு பழக்கத்தையும் கலந்துவிட்டால் உங்கள் எடிட் எல்லாம் அநாதையாகிவிடும்.

எடிட் என்று சொல்லும்போது ஒன்று. நீங்கள் லைட்ரூமில் உழைத்துச் சரிசெய்த படங்களுக்கு உள்ளே இருக்கும் ஜேபெக்கை எடுக்க வேண்டாம். உங்கள் எடிட் என்இஎஃப்பிலோ சிஆர்2விலோ போய்ச் சேர்வதில்லை, லைட்ரூமின் கேட்டலாகிலோ பக்கத்து எக்ஸ்எம்பியிலோ வெறும் குறிப்பாகத்தான் இருக்கிறது. அந்தக் குறிப்பை லைட்ரூம் மட்டும்தான் முழுதாகப் புரிந்துகொள்ளும். அவற்றை லைட்ரூமிலிருந்தே ஏற்றுமதி செய்யுங்கள். எடிட் செய்யாத பெருங்கூட்டத்துக்குத்தான் நான் சொல்லும் வழி.

இப்போது பிவிகோவுக்கு வருவோம். 2002இல் வேறு பெயரில் தொடங்கிய பழைய மென்பொருள், ஆனால் இந்த விஷயத்தை நன்றாக யோசித்துச் செய்திருக்கிறார்கள். அதில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ரா ஃபைலையே முதன்மைப் பொருளாக வைத்து, அதே பெயருள்ள ஜேபெக்கை 'பிடபிள்யூஜி ரெப்ரசென்டேட்டிவ்' என்ற துணை ஃபோல்டரில் போடுவது. கேலரி அந்த ஜேபெக்கை முகமாகக் காட்டும். இது வீடியோ, பிடிஎஃப் போன்றவற்றுக்காக வந்த ஏற்பாடு. மற்றது, ஜேபெக்கை முதன்மைப் படமாக வைத்து, ராவை 'பிடபிள்யூஜி ஃபார்மட்' என்ற துணை ஃபோல்டரில் அதே பெயரில் வைப்பது. 2.8 பதிப்பில் வந்த வசதி இது. அப்போது படத்தின் பக்கத்தில் டவுன்லோட் பொத்தானின் கீழ் ராவும் ஒரு தேர்வாக நிற்கும். இரண்டாவதைத்தான் நான் சொல்வேன். முதன்மைப் பொருள் ஜேபெக்காக இருந்தால் பிவிகோ அதிலிருந்து தேதி, அளவு, எக்ஸிஃப் எல்லாவற்றையும் வழக்கம்போலப் படித்துக்கொள்ளும், ஸ்லைடு ஷோவும் ஒழுங்காக ஓடும், நாளைக்கு வேறு கேலரிக்கு மாறினாலும் ஜேபெக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். இந்த வசதியை இயக்க உள்ளமைப்பு ஃபைலில் ஃபார்மட் வசதியை ஆன் செய்து, அனுமதிக்கும் ஃபைல் வகைகளின் பட்டியலில் என்இஎஃப், சிஆர்2, சிஆர்3 மூன்றையும் எழுத வேண்டும். 'லோக்கல்ஃபைல்ஸ் எடிட்டர்' என்ற ப்ளக்இன் வழியாகவே எழுதலாம்.

எஃப்டிபியில் (ஃபைல்களை நேராகச் சர்வர் ஃபோல்டருக்கு அனுப்பும் முறை) ஏற்றி, பிவிகோவில் ஒத்திசைவு கொடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இயல்பான அமைப்பில் பிவிகோ ஆங்கில எழுத்து, எண், இணைப்புக்கோடு, அடிக்கோடு, புள்ளி ஆகியவற்றை மட்டும்தான் பெயரில் ஏற்கும். ஃபோல்டருக்கு 'நாரைகள்' என்று தமிழில் பெயர் வைத்தால் அதைத் தள்ளிவிடும். ஃபோல்டர் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டு, ஆல்பத்தின் தலைப்பை நிர்வாகப் பக்கத்தில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். தலைப்புக்கு எந்தத் தடையும் இல்லை.

ப்ரவுசர் வழியாக ஏற்றினால் வரும் அளவுப் பிரச்சினை தெரிந்ததே. பிஎச்பி இயல்பாக 2 எம்பி ஃபைலையும் மொத்தம் 8 எம்பியையும்தான் விடும், என்ஜின்எக்ஸ் என்ற வெப்சர்வர் 1 எம்பியைத் தாண்டினாலே, ஃபைல் பெரிது என்று பொருள்படும் 413 பிழையோடு திருப்பி அனுப்பும். பிவிகோவின் அப்லோட் பக்கம் ஃபைலைத் துண்டு துண்டாக அனுப்புவதால் பெரும்பாலும் தப்பிவிடுவீர்கள். ஜேபெக் மட்டும் ஏற்றும்போது இது பொருட்டே இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு கேள்வியை உங்களிடம் திருப்பிக் கேட்கிறேன். ராவைச் சர்வரில் வைக்கத்தான் வேண்டுமா? யாருக்கு அது தேவை? வாடிக்கையாளருக்கோ ஆய்வாளருக்கோ கொடுக்க வேண்டுமென்றால் அந்த ஒரு சில படங்களுக்கு மட்டும் வையுங்கள். 14 பிட், 24 மெகாபிக்சல் ரா அழுத்தாமல் 42 எம்பி. இழப்பில்லாமல் அழுத்தினாலும் பாதியாகக் குறைவது அரிது. ஒன்றுக்கு 30 எம்பி என்று வைத்தாலும் ஆயிரம் படத்துக்கு 30 ஜிபி. ஷேர்டு ஹோஸ்டிங் அதற்கான இடமும் இல்லை, பேக்கப்பும் இல்லை. ஹோஸ்டிங் கணக்கு ஒருநாள் காலாவதியானால் எல்லாம் போய்விடும். இரண்டு தனித்தனி வட்டுகளில் வையுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். நகலெடுத்தவுடன் ஒவ்வொரு ஃபைலுக்கும் எஸ்எச்ஏ256 எண்ணை (ஃபைலின் கைரேகை போன்றது) கணக்கிட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வைத்துக்கொண்டால், சில வருஷம் கழித்து வட்டு மெல்லக் கெடுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ராவைப் பொதுவில் வைக்க வேண்டாம் என்பதற்கு இடத்தைவிட முக்கியமான காரணம் பறவைகள்தான். ஜிபிஎஸ் உள்ள கேமராவிலோ, போனோடு இணைத்த கேமராவிலோ எடுத்திருந்தால் கூடு இருக்கும் மரம் எது என்பது வரை ராவுக்குள் எழுதப்பட்டிருக்கும். கூட்டின் இடம் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று பறவை பார்ப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராவிலிருந்து ஜேபெக்குக்கு டேகுகளை நகலெடுக்கும்போது ஜிபிஎஸ் பகுதியை விலக்கியே எடுங்கள். கேமராவின் தொடர் எண்ணையும் விலக்குங்கள், அது உங்கள் எல்லாப் படங்களையும் ஒன்றோடொன்று இணைத்துக் காட்டிவிடும். எக்ஸ்எம்பி ஃபைலிலும் ஜிபிஎஸ் இருக்கக்கூடும் என்பதால் அதைச் சர்வரில் போடவே வேண்டாம். ஆல்பத்தைப் பூட்டிவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். எஃப்டிபியில் ஏற்றிய ஃபைல் அதே பெயரில் அதே ஃபோல்டரில்தான் இருக்கிறது. முகவரியை ஊகித்துத் தட்டினால் பல ஹோஸ்டிங்கில் நேராக இறங்கிவிடும். அந்த ரா வகைகளை நேரடியாகத் தராதே என்று வெப்சர்வருக்கே ஒரு வரி எழுதிவைக்க வேண்டும்.

பார்வையாளர்களும் படம் ஏற்றும் கேலரி என்றால் சர்வரில் ரா நிரலை ஓட்டுவது ஆபத்தும்கூட. இந்த நிரல்கள் யாரோ அனுப்பும் ஃபைலின் உள்ளே போய்ப் படிப்பவை. 2016இல் இமேஜ்மேஜிக்கில் வெளிப்பட்ட ஓட்டையில், கெட்ட நோக்கத்தோடு தயாரித்த ஒரு படத்தை ஏற்றினாலே சர்வரில் கட்டளை ஓட்ட முடிந்தது. உங்கள் கேலரியில் நீங்கள் மட்டும்தான் ஏற்றுகிறீர்கள் என்பதால் இதோடு விடுகிறேன்.

வேறு கேலரிக்கு மாறலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஃபோட்டோபிரிசம், இம்மிச் இரண்டும் ராவை நேரடியாக ஏற்கும். ஃபோட்டோபிரிசம் டார்க்டேபிள் அல்லது ராதெரபியைக் கொண்டு ஜேபெக் தயாரித்துப் பக்கத்தில் வைக்கும். இம்மிச்சில் உள்ளே இருக்கும் ப்ரிவியூவையே பயன்படுத்து என்று ஒரு தேர்வு இருக்கிறது, மாறினால் அதை ஆன் செய்துவிடுங்கள். இரண்டுக்கும் டாக்கர் (மென்பொருளைத் தனிப்பெட்டியாகக் கட்டி ஓட்டும் ஏற்பாடு) ஓடும் சொந்த மெஷினும் தாராளமான மெமரியும் வேண்டும், உங்கள் ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஓடாது. வீட்டில் நாள் முழுக்க ஓடும் ஒரு பெட்டி இருந்தால் வீட்டுக்குள் தேடிப் பார்க்க இம்மிச், உலகத்துக்குக் காட்ட பிவிகோ என்று இரண்டையும் வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

வேலையை எங்கிருந்து தொடங்குவது என்றால், எல்லாப் படத்தையும் ஒரே நாளில் ஓட்டாதீர்கள். என்இஎஃப் ஒன்று, சிஆர்2 ஒன்று, சிஆர்3 ஒன்று, மூன்றிலும் நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் ஒவ்வொன்று, அடிக்கோட்டில் தொடங்கும் கேனான் படம் இருந்தால் அது ஒன்று. இந்த ஏழு ஃபைலை ஒரு சோதனை ஆல்பத்தில் முழுதாகக் கொண்டுபோய்ச் சேருங்கள். தம்ப்நெயிலும் பெரிய படமும் ஒரே பக்கம் நிமிர்ந்து நிற்கிறதா, தேதி எடுத்த நாளைக் காட்டுகிறதா, கேமராத் திரையில் பார்த்த நிறமும் இங்கே இருக்கும் நிறமும் ஒன்றா, இறக்கிய ஜேபெக்கில் ஜிபிஎஸ் இல்லையா என்று பாருங்கள். இந்த ஏழும் சரியாக வந்தால் மீதி ஆயிரமும் வரும், இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.